பரங்கிமலைக்குள் எத்தனை பக்கம்

குரோம்பேட்டை தாண்டி, பல்லாவரத்தில்தான் அந்த யோசனை எனக்கு உதித்தது. ரயில் அங்கே நிற்கவும் நான் படித்துக்கொண்டிருந்த பக்கம் முடியவும் சரியாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன். தாம்பரத்திலிருந்து ஒன்பது பக்கம். அப்படியென்றால் பரங்கிமலைக்குள் எத்தனை? சைதாப்பேட்டைக்குள்? உடனே ரஃப் நோட்டின் கடைசித் தாளில் எல்லா ஸ்டேஷன் பெயரையும் வரிசையாக எழுதிக் கட்டம் போட்டுவிட்டேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கட்டம் போடுவதில் எனக்கு இன்றுவரை சலிப்பே வந்ததில்லை.

அம்மா சைதாப்பேட்டைப் பள்ளி ஒன்றில் டீச்சர். நானும் அண்ணனும் அங்கேதான் படித்தோம். காலையில் மூவரும் லேடீஸ் கோச்சில் போவோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் அண்ணனை மீசை முளைக்கும்வரை யாரும் இறக்கிவிட மாட்டார்கள் என்று அம்மா சொல்லியிருந்தார். லைப்ரரியிலிருந்து வாரம் ஒரு புத்தகம் எடுத்து வருவார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒரு பக்க அட்டையைப் பிடித்துக்கொண்டு படிப்போம். நான் வலது பக்கம் உட்காருவதால் தாளைத் திருப்புகிற வேலை என்னுடையது.

கட்டம் போட்ட பிறகு அந்த வேலை அதிகாரமாகிவிட்டது.

“இருடி, திருப்பாத.”

“இன்னும் அந்தப் பக்கமாடா? மீனம்பாக்கமே வந்துடுச்சு!”

கோச்சில் கொய்யா விற்கும் அக்கா ஒருவர் உண்டு. கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்ப்பார். “இன்னா பாப்பா, தாள திருப்பிகினே கீற? படம் எதனா தேடுறியா?” கோச்சே சிரித்தது. என் வேகம் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆரம்பித்தது ஒரு கலங்கரை விளக்கத்துக் கதை. அன்றைய கணக்கு: நான் இருபத்தெட்டு, அண்ணன் பதினொன்று. அவன் பன்னிரண்டில் நிற்கும்போதே நான் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் ரயிலில் நோட்டை அம்மாவிடம் நீட்டினேன். அவர் மடியில் வைத்துத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிவப்பு மையில் ஒரு டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். டிக் என் இருபத்தெட்டின் மேல் விழுந்தது.

அண்ணன் அதைப் பார்த்தான். அன்று தான் விட்ட இடத்துக்கே தாளைத் திருப்பி, அங்கிருந்து பத்தொன்பதாம் பக்கம்வரை வந்தான். பிறகு அட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எதிர் ஜன்னலுக்குப் போய்விட்டான். “நீயே படி.”

பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புதன்கிழமை முப்பத்து நான்கு பக்கம். வியாழக்கிழமை பரங்கிமலைக்குள் புத்தகமே முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொய்யா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “முட்ச்சிட்டியா? எங்க, கதைய சொல்லு பாக்கலாம்.”

“ஒரு லைட் ஹவுஸ் இருக்கும். அதுல ஒருத்தர் இருப்பார். ஒரு கொக்கும் இருக்கும்...”

“அப்பால?”

“அப்புறம்... நிறைய நடக்கும்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். என் காது சுட்டது. அப்போது ஜன்னலைப் பார்த்தபடியே அண்ணன் பேச ஆரம்பித்தான். அந்தக் கொக்குக்கு ஒரு கால்தான். விளக்குக்காரர் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அதுவும் கூடவே தத்தித் தத்தி ஏறும். இத்தனை வருஷம் வெளிச்சத்துக்குள்ளேயே இருந்து ஒரு நட்சத்திரம்கூடப் பார்த்ததில்லையே என்று அவருக்கு ஏக்கம். ஒருநாள் மட்டும் விளக்கை ஏற்றாமல் விட்டுவிடுகிறார். எனக்கே வாய் பிளந்துவிட்டது. இதெல்லாம் எந்தப் பக்கத்தில் இருந்தது?

“ஐயோ! படகு எதனா வந்துச்சா அன்னிக்கு?” அக்கா பதறினார். “எங்க நைனா கோவளத்துல கடலுக்குப் போனவரு. சொல்லுப்பா!”

“எனக்குத் தெரியாதுக்கா. நான் அதோட நிறுத்திட்டேன். அவதான் முழுசா படிச்சா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன், எந்த ஸ்டேஷனில் தாண்டினேன் என்றுகூட நோட்டில் இருக்கிறது. படகு வந்ததா என்பதுதான் தெரியவில்லை.

அதற்குள் அக்கா கோச் மாறுகிற பரங்கிமலையைத் தாண்டிவிட்டோம். “ஐயே, மவுண்ட்டு போய்ட்சே! உங்களால ஒரே பேஜாரு.” கூடையைத் தூக்கிக்கொண்டே விரலை நீட்டினார். “திங்கக்கெயம வருவேன். படகு இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்.”

அம்மா புத்தகத்தை இன்னும் ஒரு வாரத்துக்கு எடுத்து வந்தார்.

திங்கட்கிழமை அண்ணன் பழையபடி இடது அட்டையைப் பிடித்தான். நான் என் பக்கத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தேன். கை அரித்தது. வெளியே மின்கம்பங்களை எண்ணினேன். திரிசூலம் தாண்டிய பிறகுதான் அவன் “ம்” என்றான். திருப்பினேன்.

படகு வந்தது. தட்டுத் தடுமாறி, ஆனால் பத்திரமாகக் கரை சேர்ந்தது. படகுக்காரர் இறங்கி வந்து ஒரு பக்கம் முழுக்க விளக்குக்காரரைத் திட்டினார். மூச்சு வாங்கியதும் அவரும் அண்ணாந்து நட்சத்திரம் பார்த்தார்.

அண்ணன் அதைச் சொன்னபோது அக்காவுக்குத் தாங்கவில்லை. “நல்லா வாங்கினானா? வாங்கட்டும்!” ஒரு கொய்யாவை நாலாக வெட்டி, மிளகாய்த்தூள் தடவி எங்களிடம் நீட்டினார்.

அண்ணனுக்குப் படிக்க வராது, அதனால்தான் ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கிறான் என்றே அன்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவன் ஜன்னலுக்குப் போன நாட்களிலும் அந்தப் புத்தகம் சாயங்காலம் எங்கள் வீட்டில், அம்மாவின் பையில்தான் இருந்தது. எடுத்து அவன் மட்டும் தனியாகப் படித்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை?

இப்போது என் போனில் ஒரு ஆப் இருக்கிறது. எத்தனை புத்தகம், எத்தனை பக்கம், எத்தனை நாள் விடாமல் என்று வட்டம் வட்டமாகக் காட்டும். அதை விடுகிற எண்ணம் எனக்கில்லை. ஆனால் போன வாரம் ஒரே நாவலில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை அண்ணனிடம் கொடுத்தேன். அவன் படப்பை வழியாக ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறான், நான் காலேஜுக்கு அதே ரயிலில். வரும் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பம். நோட்டில் கட்டமும் போட்டாயிற்று. இந்த முறை ஒரே ஒரு வரிசைதான், அவன் எந்தப் பக்கத்தில் நின்றான் என்று எழுத.

“நான் பஸ்ல தூங்கிடுவேன்டி” என்று மெசேஜ் போட்டிருக்கிறான்.

“தூங்கு. நான் திருப்பல” என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.