கிடாவின் வாக்குமூலம்

“மாவுல முட்ட உண்டா, இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லும்வே.”

புரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு செல்லச்சாமி கேட்கிறார். கேட்பதுகூடப் பரவாயில்லை, கேட்டுவிட்டு அவர் பேசாமல் நிற்பதுதான் பெரிய தொந்தரவு. கடைக்காரர் முகம்மது மீரான் உருண்டையைத் தட்டுகிறார், விசிறுகிறார், எண்ணெய் ஊற்றுகிறார், அடுப்பைக் குனிந்து பார்க்கிறார். நிமிர்ந்தால் செல்லச்சாமி அப்படியே நிற்கிறார். ஒரு வாரம் தாக்குப்பிடித்த மீரான், ஒருநாள் சாயங்காலம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “முட்டயும் உண்டு, பாலும் உண்டு அண்ணாச்சி. எங்க வாப்பா காலத்துல இருந்தே உண்டு” என்று சொல்லிவிட்டார். வீட்டில் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத பக்குவம் அது. சொன்ன பிறகு மனசு லேசாக இருந்ததாக அவரே வருகிற போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது செல்லச்சாமிக்கென்று தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுப் பிசைந்த மாவு ஓர் ஓரத்தில் ஈரத்துணி மூடிக் கிடக்கிறது. அதில் போடும் புரோட்டாவைப் பிய்ப்பதற்குப் பல்லில் தெம்பு வேண்டும். செல்லச்சாமி முகம் சுளிக்காமல் தின்கிறார். சால்னாவும் கிடையாது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செல்லச்சாமி ஓய்வுபெற்ற போலீஸ்காரர். சர்வீஸில் பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டர் வேலை. ஆளை அடித்து உண்மையை வாங்கத் தெரியாது. எதிரே உட்காரவைத்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவன் தானாகவே பேச ஆரம்பித்துவிடுவான். எல்லா வாக்குமூலத்தின் அடியிலும் ‘யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவோடு சொன்னது’ என்று எழுதி எழுதி அந்த வரி அவர் கையில் ஊறிப்போய்விட்டது. தெரு விளக்கு எரியவில்லை என்று பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கொடுத்தால்கூடக் கடைசியில் அது வந்து விழுந்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வுக்குப் பிறகு சும்மா இருந்திருக்கலாம். மச்சினன் பேச்சைக் கேட்டு, திருவேங்கடம் ஊருக்குப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிராய்லர் கொட்டகை போட்டார். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். வளர்ப்பது இவர் பாடு. எடை வந்ததும் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். ராத்திரியிலும் விளக்கு எரிய வேண்டும், அப்போதுதான் தூங்காமல் தீனி எடுக்கும் என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போனான். செல்லச்சாமி கொட்டகை வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தபடி படுத்திருந்தார். அவ்வளவு கோழியும் அவரைப் பார்த்தன. இரண்டாவது லாரி போன அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் மனைவி நிர்மலாதேவியிடம், “ஏட்டி, எப்.ஐ.ஆரே போடாம இத்தன பேர உள்ள வச்சிருந்திருக்கேன்” என்றார். அந்த அம்மாள் அவருக்குக் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொட்டகையில் இப்போது அவள் கூழ்வற்றல் காயப்போடுகிறாள்.

கோழியை விட்டார். பிறகு ஆடு, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. அதுவரை ஊர் பொறுத்துக்கொண்டது. பாலையும் நெய்யையும் விட்டபோதுதான் கவலைப்பட ஆரம்பித்தது. “கன்னுக்குட்டிய இழுத்துக் கட்டிப்போட்டுட்டு அதுக்கு உள்ள பால நாம கறக்கோம். பழைய சட்டத்துல அது முந்நூத்தித் தொண்ணூத்திரெண்டு, வழிப்பறி. புதுச் சட்டத்துல நம்பர மாத்திட்டாங்க. குத்தம் மாறல” என்று டீக்கடையில் கட்டன் சாயாவை ஊதிக்கொண்டே சொல்வார். பக்கத்தில் பால் டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸைக் கீழே வைக்கவும் முடியாமல் வாயில் வைக்கவும் முடியாமல் முழிப்பான்.

இந்தப் பக்கத்தில் கறி வேண்டாம் என்று சொல்வதற்கு நியாயமான காரணங்கள் சில இருக்கின்றன. “மாலை போட்டிருக்கியளா அண்ணாச்சி?” என்பார்கள். இல்லை என்பார். “சுகரா?” என்பார்கள். “சுகர் இருக்கு. ஆனா அதுக்காக இல்ல” என்பார். ஒரு பொய் சொன்னால் கல்யாண வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அவர் பொய் சொல்ல மாட்டார். வீகன் என்று பேர் சொல்வார். அது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்டு, மூட்டுவலிக்குக் கேட்குமா என்றும் விசாரித்துக்கொள்வார்கள்.

வெளியில் யாரிடமும் தோற்காதவர் வீட்டில் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டார். அறுப்பு முடிந்த வயலில் உரத்துக்காக ராத்திரி ஆட்டுக் கிடை போடுவது அவர் குடும்பத்து வழக்கம்.

“பாலு ஆகாது, நெய்யி ஆகாதுங்கியளே, ஆட்டுப் புழுக்க மட்டும் ஆகுமோ?” என்று கேட்டாள் நிர்மலாதேவி.

“அது தானாப் போடுது ஏட்டி. யாரும் வற்புறுத்தல.”

“ராவெல்லாம் வலையக் கட்டி உங்க வயல்லயே அடச்சு வச்சா, பெறவு அது வேற எங்கன போயிப் போடும்?”

செல்லச்சாமி அடுத்த பூ சாகுபடிக்குக் கிடை போடாமல் விட்டார்; நெல் சோகை பிடித்து மஞ்சளாக நின்றது. அதற்கடுத்த பூவில் கிடைக்காரரைக் கூப்பிட்டு, வலையை ஒரு பக்கம் மட்டும் திறந்துவைக்க முடியுமா, இருக்கிற ஆடு இருக்கட்டும், போகிற ஆடு போகட்டும் என்று கேட்டுப் பார்த்தார். கிடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு வயலுக்குப் போய்விட்டார். மனசாட்சியை வைத்துக்கொண்டு விவசாயம் பார்ப்பது சாமானியப்பட்ட காரியம் இல்லை.

இதெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். பெரியது ஆடி மாதத்தில் வந்தது.

பண்பொழி மலையடிவாரத்துத் தோப்பில் அவர்கள் குடும்பத்து மாடன் சாமி இருக்கிறார். கொடைவிழாவில் மதியம் கிடா வெட்டு உண்டு. ஆனால் கிடாவைக் கேட்காமல் வெட்டக்கூடாது. ஐந்தருவியில் இருந்து குடத்தில் பிடித்துவந்த தண்ணீரை அதன் தலையில் இருந்து வால்வரை ஊற்ற வேண்டும். ஈரம் காய்வதற்குள் அது உடம்பைச் சிலுப்பிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பெண்கள் குலவை போடுவார்கள். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது, அவிழ்த்துவிட்டுவிட வேண்டும். தண்ணீர் ஊற்றுகிற முறை செல்லச்சாமியின் அப்பாவுக்கு இருந்தது, பிறகு இவருக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கிடாகூட மறுத்ததில்லை. முன்பெல்லாம் அதில் அவருக்குப் பெருமைதான். இப்போது அதுவே அவரை அரித்தது. “எல்லாரும் ஒண்ணுபோல ஒத்துக்கிட்டான்னா, அந்தக் கேசுல எங்கனயோ தப்பு இருக்கு” என்றார் நிர்மலாதேவியிடம்.

தப்பு எங்கே என்பது ஐந்தருவியில் குளிக்கும்போது பிடிபட்டது. சீசன் தண்ணீர் மண்டையில் விழுந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் வெடவெட என்று ஆடியது. பக்கத்தில் நின்ற கேரளத்துக்காரர் ஆடினார். குண்டான ஒரு சேட்டு ஆடினார். இத்தனை பேரும் எதற்குச் சம்மதம் சொல்கிறார்கள் என்று செல்லச்சாமி அருவிக்கு அடியிலேயே நின்று யோசித்தார். பின்னால் நின்றவர்கள் வைதார்கள்.

இந்த வருஷக் கிடா வேறு யாருடையதுமில்லை, அவருடைய அக்காள் முப்பிடாதியம்மாளுடையது. அவளுக்கு ஒரே மகன் முத்துராஜ், பட்டாளத்தில் இருக்கிறான். போன குளிர்காலத்தில் அவன் இருந்த இடத்தில் பனி சரிந்து, பல நாள் போன் இல்லை. அக்காள் சோறு தண்ணியில்லாமல் கிடந்து, “மாடா, எம்பிள்ள கொரலு காதுல விழட்டும், ஒரு கிடா தாரேன்” என்று நேர்ந்துகொண்டாள். குரல் விழுந்தது. வாழைப்பழத் தோலும் அகத்திக்கீரையுமாகக் கொடுத்து அவளே கிடாவை வளர்த்தாள். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். வாக்குத் தவறினால் என்ன ஆகும் என்ற பயம் அவள் வயிற்றைவிட்டு இறங்கவே இல்லை.

செல்லச்சாமி வரமாட்டார் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். முறையை வாங்கிக்கொள்ளச் சித்தப்பா மகன் ஒருவன் கோடி வேட்டி கட்டித் தயாராக நின்றான். மேளம் ஏறும் நேரத்துக்குச் செல்லச்சாமி வந்துவிட்டார், கையில் ஒரு பெரிய பிளாஸ்கோடு. கட்டன் சாயா கொண்டுவந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மாலையோடு நின்ற கிடாவுக்கு முன்னால் போய், பிளாஸ்கைத் திறந்து அவர் ஊற்றினார். ஆவி பறந்தது. பதமான வெந்நீர். கிடா கண்ணை மூடிக்கொண்டது. கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தது. சிலுப்பவில்லை. மேளக்காரர்கள் இன்னொரு சுற்று அடித்தார்கள். அவர் இன்னொரு தடவை ஊற்றினார். கிடா சுகமாக ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பக்கம் அரிசி வெந்துவிட்டது, மசாலா அரைத்து உருட்டிவைத்தாயிற்று, பந்திக்கு வந்தவர்கள் முகத்தில் கவலை தெரிந்தது.

சாமி ஆடிக்கொண்டிருந்தவர் குற்றாலீஸ்வரன், மின்வாரியத்தில் லைன்மேன், செல்லச்சாமிக்கு அண்ணன் மகன். மற்ற நாளில் சித்தப்பா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற பிள்ளை. மாடன் இறங்கிவிட்டால் அந்த உறவெல்லாம் கிடையாது.

“என்ன தண்ணிலே அது?” என்றார் மாடன்.

செல்லச்சாமி கைகட்டினார். “வெந்நி அய்யா.”

“ஏம்லே?”

“பச்சத் தண்ணிய ஊத்துனா எவனும் நடுங்கத்தான் செய்வான் அய்யா. அது குளிரு. சம்மதம்னா வெந்நியிலயும் சொல்லணும்ல?”

மேளம் நின்றது. மாடன் வேல்கம்பை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். இப்படி ஒரு கேள்வி இதுவரை அவரிடம் வந்ததில்லை. கடைசியில், “அது நேந்தவளுக்கும் ஒனக்கும் உள்ள வழக்கு. நீங்களே பேசி முடிங்கலே” என்று சொல்லிவிட்டு உறுமினார். எந்த ஸ்டேஷனிலும் சொல்கிறதுதான்.

முப்பிடாதியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பிக்கு நேரே வந்தாள். வைவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் குரலே எழும்பவில்லை.

“ஏலே செல்லச்சாமி. பட்டாளத்துக்கு ஆள் எடுக்காங்கன்னு எம்பிள்ளய நீதான கூட்டிட்டுப் போன?”

“ஆமக்கா.”

“அவன்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன்க்கா. சரி மாமான்னு சொன்னான்.”

“நீ எதுக்க நின்னு பேசாம அப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா, பெறவு அவன் என்னத்தச் சொல்லுவான்?”

 தென்காசியில் செல்போன் கடை போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பையன். அன்றைக்கு வேனில் போகும்போது வழியெல்லாம் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தது இப்போதுதான் செல்லச்சாமிக்கு ஞாபகத்துக்கு வந்தது.

“இப்ப அங்கன பனியில நிக்கான். நான் வாக்குக் குடுத்துட்டேன்லே. எனக்கு ராத்திரி கண்ண மூடணும். ஒன் நியாயம் ஒனக்கு. எனக்கு எம்பிள்ள வேணும்.”

செல்லச்சாமி பிளாஸ்கை மூடிக் கீழே வைத்தார். ஐந்தருவித் தண்ணீர் இருந்த செப்புக்குடத்தை இரண்டு கையாலும் தூக்கினார். மேளம் பிடித்துக்கொண்டது. ஏமாற்றாமல், சிக்கனம் பிடிக்காமல், கிடாவின் கொம்புக்கு நடுவில் இருந்து வால் நுனிவரை முழுக் குடத்தையும் கவிழ்த்தார். சாரல் காற்று வேறு அடித்தது. கிடாவுக்குத் தோல் சுருங்கியது, கால்களை அகட்டிக்கொண்டது, முதுகு ரோமம் குத்திட்டு நின்றது. பெண்கள் குலவைக்கு நாக்கை மடித்தார்கள். முப்பிடாதியம்மாள் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அது சிலுப்புவதற்குள் செல்லச்சாமி குடத்தைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துண்டை உருவி, கிடாவின் மேல் போர்த்தி, இரண்டு கையாலும் அதன் முதுகை அழுத்தி அழுத்தித் துவட்ட ஆரம்பித்தார்.