டிரம்மைச் சுற்றி ஒரு கண்ணாடி

குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பு விற்கிற தொழிலில் முதல் வாரமே ஒன்று தெரிந்துவிடும்: எந்த வீட்டுக்காரரும் தன் பாத்ரூமை உள்ளபடி காட்டமாட்டார். பிளம்பரிடமும் கார்பெண்டரிடமும் மாட்டிக்கொண்டு அல்லாடிய வாசகர்களே, நான் எதிர்த்தரப்பு ஆள். ஆனாலும் உங்களைவிட அதிகம் அல்லாடியவள். கல்கத்தாவில், கரியாஹாட்டில் ஒரு ஷோரூமில் வேலை. கார்டில் கன்சல்டன்ட் என்று போட்டிருக்கும். செய்வது டேப்பும் கையுமாக வீடு வீடாக மாடி ஏறுவது. லேக் கார்டன்ஸ் சுந்தரேசன் சார் வீட்டுக் கதை ஒன்று போதும், என் பிழைப்பு உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஷவர் வேண்டாத ஷவர் கேபின்

சார் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி லலிதா மாமி பாத்ரூம் ஈரத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தார். பத்து நாள் கழித்து வரும் வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். இன்னொரு முறை விழுந்தால் மறுபடி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே தண்ணீர் ஒரு மூலையோடு நிற்க வேண்டும், மீதித் தரை காய்ந்திருக்க வேண்டும். நியாயமான தேவைதான். நானும் மனசார இறங்கினேன்.

ஷோரூமுக்கு வந்த சாரிடம் ஐந்து விதமான ஷவரை எடுத்துக் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை. ஷூ காலோடு டிஸ்ப்ளே கேபினுக்குள் போய், இல்லாத முக்காலியில் பாதி உட்கார்ந்து, இல்லாத சொம்பால் இல்லாத தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். முழங்கை இரண்டு முறை கண்ணாடியில் இடித்தது. கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவர் வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார்: "ஷவர்ல குளிச்சா குளிச்ச மாதிரியே இருக்காதும்மா. கண்ணாடி மட்டும் போடு, ஷவர் வேண்டாம்."

பளிச்சென்று ஒரு பாத்ரூம்

மறுநாளே அளவெடுக்கப் போனேன். ஐந்தடிக்கு ஏழடி. ஒரு பக்கம் கமோடு, ஒரு பக்கம் வாஷ்பேசின், கோடியில் குழாய். பினாயில் வாசனை தூக்கியடித்தது. ஒரு சோப்புப் பெட்டி கூட இல்லை. இவ்வளவு காலியான பாத்ரூமை நான் கல்கத்தாவில் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குழாய் இருக்கும் கோடியை அடைத்து, நகர்த்துகிற கதவோடு கண்ணாடி. கைப்பிடியும் தடுப்புக் கட்டையும் போக, நுழைய இருபத்திரண்டு இன்ச் வழி. ஒரு ஆளுக்குத் தாராளம். இந்த ரகக் கண்ணாடியை ஃபேக்டரியில் சூடேற்றி இறுக்கிவிட்டால் அப்புறம் அரை இன்ச் கூட வெட்ட முடியாது, வெட்டினால் மொத்தமும் உதிர்ந்துவிடும் என்று இரண்டு தடவை எச்சரித்தேன். இங்கே வேறு சாமான் எதுவும் இருக்காதா என்று மூன்று தடவை கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "எங்காத்துல எப்பவுமே இப்படித்தாம்மா இருக்கும்."

பாபி-தாவின் போட்டோ

புதன்கிழமை கண்ணாடி வந்தது. எனக்கு சால்ட் லேக்கில் வேறு வேலை. மாட்டப் போனவர் எங்கள் மிஸ்திரி பாபி-தா; இங்கே ‘தா’ என்றால் அண்ணன். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற மனிதர், அதுதான் அவரிடம் பிரச்சினை. மதியம் போட்டோ அனுப்பினார். கண்ணாடி ஜோராக நின்றது. அதற்கு உள்ளே, குழாய்க்கு அடியில், ஒரு பெரிய நீல டிரம்.

விழுந்தடித்து ஓடினேன். அந்தக் கட்டடத்தில் தண்ணீர் காலையிலும் மாலையிலும்தான் வரும். டிரம் இல்லாமல் அந்த வீட்டில் பொழுது விடியாது. நான் அளவெடுக்க வருகிறேன் என்பதற்காக, விருந்தாளி வருவதுபோல் பாத்ரூமைத் தேய்த்துக் கழுவி, டிரம், இரண்டு பக்கெட், முக்காலி, துணிக்கொடி எல்லாவற்றையும் சார் பால்கனியில் ஒளித்து வைத்திருக்கிறார். நான் அளந்தது அந்த ஒரு மணி நேரம் மட்டுமே இருந்த பாத்ரூமை! டிரம்மின் அகலம் இருபத்துமூன்று இன்ச். இனி அது வெளியே வராது. டிரம் இருக்கும்வரை உள்ளே ஆள் நிற்க இடமும் கிடையாது.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சார் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, நாளை மறுநாள் அவள் வந்துவிடுவாளே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. புதுக் கண்ணாடிக்கும் வழியில்லை. ஃபேக்டரி பூஜோ, அதாவது துர்கா பூஜை விடுமுறை, முடிந்துதான் திறக்கும். கடைசியில் பாபி-தாவிடம் பாய்ந்தேன். அவர் வங்க மொழியில் நிதானமாகச் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அக்கா, கண்ணாடி மாட்டச் சொன்னீங்க. டிரம்மை நகர்த்தச் சொல்லலையே."

வெள்ளிக்கிழமை

மாமி வாக்கரோடு வந்து இறங்கினார். டிஸ்சார்ஜ் ஆன முதல் நாள், நேரே பாத்ரூம் வாசலில் வந்து நின்றார். நானும் பாபி-தாவும் அதற்கு முன்னாலேயே நகரும் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, டிரம்மை வெளியேற்றிக் கமோடுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். கதவு போனதும் வழி இருபத்தாறு இன்ச் ஆகியிருந்தது. வாக்கர் நுழைந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். சார் பெருமையோடு கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். மாமி கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. அவர் கை சுவரில் எதையோ தேடியது.

"கண்ணாடியெல்லாம் நன்னாத்தான் இருக்குன்னா. எழுந்துக்கறச்சே பிடிச்சுக்க ஒரு கம்பி போடுங்கோன்னுதானே நான் சொன்னேன்?"

அந்தக் கம்பியைப் பற்றி சார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மாமி நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கு வாகான இடத்தில் உள்ளங்கையை வைத்தார். பாபி-தா அங்கேயே பென்சிலால் கோடு போட்டு, வண்டியில் கிடந்த ஒரு ஸ்டீல் கம்பியை இறுக்கி முடுக்கினார். மறுநாள் மாமி யார் துணையும் இல்லாமல் குளித்துவிட்டு எழுந்து வந்ததாக சார் போன் செய்தபோது அவருக்குக் குரல் உடைந்தது. எனக்கும் சந்தோஷம்தான், கூடவே பத்து நாள் எரிச்சலும் மிச்சமிருந்தது.

என் இத்தனை வருஷ வேலையில், ஒரு தடவைகூட யாரும் புகார் சொல்லாதது டேப்பே எடுக்காமல் மாட்டிய அந்தக் கம்பி ஒன்றுதான்.