நான்கு நிமிஷத்துக்குப் பிறகு

என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி கள்ளக்குறிச்சியில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி, கோயில் திருவிழா என்று சின்னசேலத்திலிருந்து ரிஷிவந்தியம் வரை அவர் ஸ்பீக்கர் பாக்ஸ் இறக்காத ஊர் கொஞ்சம்தான். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்களுக்குப் பாட்டுப் போட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட அவருக்குப் பிடிக்காது.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. அல்வாக் கடைக்காரர் வீட்டுக்குப் போனதும் ஊறுகாயைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு, கானா, பக்திப் பாட்டு, நாதஸ்வரம், எதுவானாலும் ஒரு குறை இல்லாமல் போடுவார். முகம் மட்டும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் முகமாக இருக்கும். கேட்டால், "எங்க போவும்னு தெரிஞ்ச பஸ்சுல ஏறி உக்காந்துக்கினு ஜன்னல் வழியா இன்னாத்த பாக்கறது? பல்லவி, சரணம், மறுபடியும் பல்லவி. நாலரை நிமிஷத்துல எறக்கி வுட்டுடுவான்" என்பார்.

அவருக்குப் பிடித்தது ஒரே வகைதான். ப்ராக்ரெசிவ் ராக் என்று அதற்குப் பெயர். எங்கள் மகள் சுபஸ்ரீ காலேஜில் படிக்கும்போது போனில் தேடிச் சொன்ன பிறகுதான் அவருக்கே அந்தப் பெயர் தெரிந்தது. அதுவரைக்கும் பெயர் தெரியாமலேயே இருபது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

அது ஆரம்பித்தது புதுச்சேரியில். இருபத்திரண்டு வயதில் அங்கே ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தார். ஏதோ ஒரு கூட்டத்துக்கு பாக்ஸ் கட்டப் போன இடத்தில், ஒரு வெள்ளைக்காரர் டெஸ்டிங்குக்கு என்று ஒரு கேசட்டைக் கொடுத்தாராம். கூட்டம் முடிந்ததும் அவர் கேசட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். நம்மவர் மறக்கவில்லை. அதில் இருந்தது ஒரே பாட்டு. இருபத்து மூன்று நிமிஷம். குளிர் தேசத்துப் பையன்கள் ஐந்து பேர் வாசித்தது, இரண்டு ரெக்கார்டு போட்டுவிட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்று சுபஸ்ரீ கண்டுபிடித்தாள். பெயரை அவள் எத்தனை முறை சொன்னாலும் என் வாயில் நுழையவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்குப் பெயர் 'பெருசு'. அதன் பிறகு அதே வகையில் நூற்றுக்கணக்கான பாட்டுகளைச் சேர்த்து பென்டிரைவில் வைத்திருக்கிறார். ஆனால் பெருசு பெருசுதான்.

எனக்கு அது பாட்டாகவே தெரியவில்லை. முதல் தடவை கேட்டபோது, நாலு பேர் நாலு அறையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், நடுவில் யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுகிறார்கள் என்று நினைத்தேன். மேளம் ஏழு ஏழாகப் போகும், காலில் முள் தைத்தவன் நடக்கிற மாதிரி. அதை வாய்விட்டுச் சொன்னதற்கு, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றார். அன்றைக்குக் கழுதை சமைக்கவில்லை. ஓட்டலில் பரோட்டா தின்றுவிட்டு வந்தார்.

திமிர் பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிடிக்கவேண்டும் என்று அவரும் முயற்சி செய்து பார்த்தார். சுபஸ்ரீ ஒரு முறை கச்சேரிக்குக் கூட்டிப்போனாள். இடையில் எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். கல்வராயன் மலையிலும் மேளத்தில் வித்தியாசமான அடி உண்டு, உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்த வாத்தியார் ஒருவர் சொன்னார். வெள்ளிமலைக்கு பஸ் ஏறிப் போய், ஒரு பகல் முழுக்க மலைக்காரர்களோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். "நல்லாத்தான் அடிக்கிறாங்க நிர்மலா. எனக்குத்தான் உள்ள எறங்கல" என்றார். விருந்துக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் திரும்பியவர் போல அன்றைக்கு அவர் முகம் வாடியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. பெருசை ஒரு தடவை, திறந்த வெளியில், தன்னுடைய முழு செட்டில், முதலிலிருந்து கடைசிவரை கேட்கவேண்டும். ஹெட்போனில் கேட்கலாமே என்றால், "கடல கொட்டாங்கச்சில மொண்டு பாக்கற மாதிரி" என்பார்.

மைக்செட்காரருக்கு இதற்கு என்ன தடை என்று கேட்பீர்கள். செட்டைக் கட்டுவதே அடுத்தவர் விசேஷத்துக்கு. அவருக்கென்று கிடைப்பது டெஸ்டிங் நேரம் மட்டும்தான். எந்த ஊரானாலும் டெஸ்டிங்குக்குப் பெருசைத்தான் போடுவார். அதற்கு நியாயமும் வைத்திருக்கிறார். முதலில் அடிச்சத்தம், பிறகு நடுச்சத்தம், பிறகு கீச்சு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும், பாக்ஸ் சோதிக்க அதைவிட நல்ல பாட்டு கிடையாது என்பார். நான்காவது நிமிஷம் மேளம் நுழையும். அந்த இடத்தில் எந்த ஊரிலும் யாராவது ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "யோவ், சாமி பாட்டு போடுய்யா." இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஊரில்கூட பெருசு ஐந்தாவது நிமிஷத்தைப் பார்த்ததில்லை.

ஒரு முறை வேலையில்லாத நாளில் கோமுகி அணைப் பக்கம் வண்டியை ஓட்டிப்போய்க் கட்டினார். மேளம் நுழைந்ததும் காவல்காரர் வந்துவிட்டார். இன்னொரு முறை வெட்டி முடித்த கரும்புக் காட்டில் கட்டினார். பாதிப் பாட்டில் ஜெனரேட்டர் புகைந்து நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் குறையில்லாமல் ஓடுகிற ஜெனரேட்டர் அது. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

போன வருஷம் மாசி மாதம் சேலத்தில் காது டாக்டரிடம் காட்டினோம். இத்தனை வருஷம் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றதில் இரண்டு காதும் தேய்ந்துவிட்டது என்றார். மெல்லிய சத்தம், உயர்ந்த சத்தம் முதலில் போகும், மற்றது மெதுவாகப் போகும், போனது திரும்பாது. காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். "மைக்செட்காரன் காதுல மெஷின் மாட்டிக்கினு போனா எவன் கூப்புடுவான்?" என்று இவர் சிரித்துவிட்டு வந்தார். திரும்பும்போது பஸ்ஸில் சின்னசேலம் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அதுக்குள்ள ஒரு தபா கேட்டுடணும்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

ஆடி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், எங்களுக்குப் பதினான்கு வருஷ வாடிக்கை. கூட வேலை செய்த ஆள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதால் இந்த வருஷம் நான்தான் போனேன். ஒயரைச் சுற்றவும் பெட்டியைத் தூக்கவும் எனக்கும் தெரியும். காலை ஒன்பது மணிக்குள் வேப்பமரத்தடியில் செட் தயார். கோயிலுக்கு முன்னால் அண்டாக்களில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. பம்பைக்காரர்கள் மட்டும் வரவில்லை. வண்டி வழியில் பஞ்சராம். பம்பை அடித்து அம்மனை அழைத்த பிறகுதான் கூழ் ஊற்றுவார்கள். அதனால் ஊரே வெயிலில் காத்திருந்தது.

இவர் பெருசைப் போட்டார். எனக்கு வழக்கமான எரிச்சல் வந்தது. பாவாடை என்கிற கோயில் பூசாரியும் வழக்கம்போல, நான்காவது நிமிஷம் மேளம் நுழைந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி நடந்தார். இவருடைய கை சத்தத்தைக் குறைக்கிற குமிழுக்குப் போய்விட்டது.

அப்போது அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம். காசியம்மாள் கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டாள். கரும்பு வெட்டப் போகிற பெண், நாற்பது வயது இருக்கும். அம்மன் வருஷா வருஷம் பம்பைச் சத்தத்தில் அவள் மேல்தான் வருவாள். இன்றைக்குப் பம்பை இல்லை. ஆனால் காசியம்மாளின் தலைமுடி அவிழ்ந்து, கண் மேலே போய், கால் தரையில் நிற்கவில்லை. பதினான்கு வருஷமாக அந்த ஊர்த் திருவிழாவின் முதல் சத்தம் பெருசுதானே. அவளுடைய உடம்புக்கு அது பழகியிருக்கும் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கும்பிட்டேன்.

பாவாடை தூக்கிய கையை அப்படியே எங்களைப் பார்த்து ஆட்டினார். "நிறுத்தாத. வந்துட்டா. மலையேறற வரைக்கும் நிறுத்தாத."

அதுதான் வழக்கம். அம்மன் இறங்கியிருக்கும்போது மேளம் நிற்கக் கூடாது. நின்றால் வந்தவளின் உடம்புக்கு ஆகாது, ஊருக்கும் ஆகாது. இவர் குமிழிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தார்.

ஐந்தாவது நிமிஷம் வந்தது. பத்தாவது நிமிஷமும் வந்தது. ஏழு ஏழாகப் போகிற அந்த மேளத்துக்குக் காசியம்மாள் ஒரு அடி பிசகாமல் ஆடினாள். பெண்கள் குலவை போட்டார்கள். இவர் பாக்ஸுக்கு நேராக நின்று கண்ணை மூடிக்கொண்டார். இந்த மனிதர் இவ்வளவு சந்தோஷமாக நின்று நான் பார்த்ததில்லை, எங்கள் கல்யாணத்திலும் சரி, சுபஸ்ரீ பிறந்தபோதும் சரி. பொறாமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகுதான் நடுப்பகுதி வந்தது. மேளம், கிட்டார் எல்லாம் ஒவ்வொன்றாக விலகி, ஒரு புல்லாங்குழல் மட்டும் மிச்சம் இருந்தது. மிகவும் மெல்லியது. கூட்டம் குலவையை நிறுத்திவிட்டது. காசியம்மாள் கண்ணை மூடியபடி, கையில் வேப்பிலையோடு, நின்ற இடத்திலேயே அசைந்தாள்.

இவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மிக்சர் பெட்டியைப் பார்த்தார். வெயிலில் அதன் விளக்கு எரிவது தெரியவில்லை. "நின்னுடுச்சா?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. குழல் அவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நிர்மலா, நின்னுடுச்சா? ஜெனரேட்டரா?" கை மறுபடி குமிழுக்குப் போனது. இப்போது ஏற்றினால் அடுத்து மேளம் வரும்போது பாக்ஸ் கிழிந்துவிடும் என்று எனக்கே தெரியும். கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லீங்க. ஓடிக்கினு இருக்குது. ஊதறாங்க" என்று காதோரம் சொன்னேன்.

அப்போதுதான் அவருக்கும் புரிந்தது. இருபத்தாறு வருஷம் காத்திருந்த இடம் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. அவர் அழவில்லை. உதடு மட்டும் ஏதோ எண்ணியது. "எங்க இருக்குது? மேல போவுதா?"

"போவுது."

"மூணு தபா போவும். ரெண்டு தபா எறங்கிடும். மூணாவது தபா எறங்காது. எங்க போவுதுன்னு சொல்லு."

இசையை எப்படிச் சொல்வது? எனக்கு ராகமா தெரியும்? கையைத் தூக்கிக் காட்டினேன். குழல் ஏறியபோது கையை ஏற்றினேன், இறங்கியபோது இறக்கினேன். நடுங்கியபோது விரலை நடுக்கினேன். நூறு பேர் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டு நிற்க, நான் ஒருத்தி புருஷனைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் என் கையையே பார்த்தார். இரண்டாவது தடவையும் ஏறி இறங்கியது. மூன்றாவது தடவை குழல் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. நானும் கையை இறக்கவில்லை. என் தோள் வலித்தது. மேளம் வந்து விழுந்தது, எல்லாக் கருவிகளும் கூடவே விழுந்தன. அவருடைய முகம் மாறியதில் அது அவருக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தது.

பாட்டு முடியும்போது காசியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். பாவாடை கற்பூரம் காட்ட, அம்மன் மலையேறினாள். காசியம்மாள் தண்ணீர் கேட்டாள். பிறகு, "பம்பைக்காரங்க வந்துட்டாங்களா?" என்றாள். பாவாடை திருநீற்றுத் தட்டோடு எங்களிடம் வந்தார். "வருஷா வருஷம் நான்தான்யா நிறுத்தச் சொல்லிக்கினு இருந்தேன்" என்று இவர் நெற்றியில் தாராளமாகப் பூசிவிட்டார்.

சாயங்காலம் செட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். நானாகவே ஆரம்பிக்கலாமா, அந்தக் காது மெஷினை வாங்கிவிடலாம் என்று சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே, "முழுசா கேட்டுட்டேன்" என்றார்.

முழுசா என்றார்.

கொஞ்ச தூரம் போனதும், "மூணாவது தபா இன்னும் கொஞ்சம் மேல தூக்கி இருக்கணும். அவ்ளோ கம்மியா போவாது அது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சாமி முன்னாடி, அத்தினி பேரு பாக்கறாங்க, எவ்ளோ தூக்கறது?" என்று சண்டைக்கே போனேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடது கையை லாரியின் கூரை இடிக்கிற வரைக்கும் தூக்கி, "இவ்ளோ போதுமா?" என்று கேட்டேன்.

"அது சரி" என்றார்.