கழுவி மட்டும் வை

என் அக்கா புருஷனோடு நீங்கள் ஒரே ஒரு வாரம் பழகியிருந்தால் உங்களுக்கும் என்னைப்போல ரத்தக்கொதிப்பு வந்திருக்கும். மனிதருக்குக் கோபமே வராது. பஸ்ஸில் எவனாவது இவர் காலை மிதித்தால் இவர்தான் "சாரி" சொல்வார். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டினார். ஓட்டினார் என்பதே பெரிய வார்த்தை. கதவைச் சாத்தி, அடுத்தவன் சொன்ன மாடிக்குப் பொத்தானை அமுக்கினார். உட்கார ஒரு முக்காலி கேட்டு மூன்று மேலாளர்களிடம் மனு கொடுத்தார். முக்காலி வரவில்லை. தானாக ஓடும் புது லிஃப்ட் வந்தது, இவரை அனுப்பிவிட்டார்கள். நின்று நின்று வலது முழங்கால் கெட்டதுதான் மிச்சம். நானாக இருந்தால் மேலாளரை உள்ளே வைத்து, ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்திவிட்டுச் சாவியோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

நான் பாலீஷ் பட்டறை வைத்திருப்பவன். கதவுக் கைப்பிடி, மாடிப்படிக் கம்பி, பஸ் சக்கரத்து மூடி, எது வந்தாலும் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவேன். தெருவில் எனக்குச் 'சுடுதண்ணி' என்று பேர். கல்யாணம் ஆகவில்லை, மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அதனால் அந்த வீட்டில் எது நடந்தாலும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை போன மூன்றாம் மாதம் மாமா ஒரு வண்டி வாங்கினார். மூடிப்போன அச்சகம் ஒன்றின் கிடங்கில், காகிதக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த பழைய இத்தாலி மோட்டார் சைக்கிள். "இஞ்சின் ஃப்ரீயா சுத்துது சார், பெட்ரோல் ஊத்தினா போதும்" என்று அச்சகக்காரன் சொன்னானாம். நான் ஏறி உதைத்துப் பார்த்தேன். உதைத்த கால்தான் வலித்தது. உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டித் துருப்பிடித்துப் போயிருந்தது.

"இதைத் தள்ளிக்கிட்டுப் போய் அவன் வாசல்லயே போட்டுட்டு வரேன். யார்கிட்ட வந்து யாரு காது குத்தறான்!"

"விடு மாப்ளே. அவர் உதைச்சுப் பார்த்திருக்க மாட்டார்."

"சரி, நீங்க பார்த்தீங்களா?"

"அவர் எதிர்க்க உதைச்சுப் பார்த்தா, நம்பலைன்னு நெனச்சுக்குவார்ல?"

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

வண்டியும் இவரைப் போலவே ஊரோடு ஒத்துப்போகாத ஜாதி. மற்ற வண்டிகளில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும். இதில் முன்சக்கரத்தைப் பார்த்துக் கால் நீட்டிப் படுத்திருக்கும். ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரம் மற்றதில் உள்ளே ஒளிந்திருக்கும். இதில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வெளியே திறந்தே சுற்றும். இந்தக் கிழட்டு இரும்பு எதற்கு என்று கேட்டேன். மாமா தன் ஆயுளிலேயே நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான் இருக்கும்.

"அந்தப் பெட்டிக்குள்ள முப்பத்தோரு வருஷம் எவனோ சொன்ன இடத்துக்குப் போய்ட்டு வந்தேன் மாப்ளே. நானே ரிப்பேர் பண்ணின வண்டியில, உங்க அக்காவைப் பின்னால உக்கார வச்சுக்கிட்டு, பெரிய ரோட்டுல நேரா ஒரு தடவை போகணும். திருட்டுத்தனமா இல்ல. பதிவுப் புத்தகம், நம்பர் பலகை எல்லாத்தோடயும் முறையா."

ஆறு வருஷம். சாப்பாட்டு மேஜை போயிற்று, அதன்மேல் இஞ்சின் உட்கார்ந்தது. குளிர்பெட்டியில் முட்டை வைக்கும் குழிகளில் அளவு வாரியாக நட்டுகள். குளிக்கிற வாளியில் கார்புரேட்டர். வண்டியோடு வந்த கையேடு இத்தாலி மொழியில் இருந்தது. அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுதினார். பிளக்குக்கு அவர்கள் மெழுகுவர்த்தி என்று சொல்கிறார்களாம், அதை ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். வீட்டிலேயே திரைச்சீலை தைத்து விற்கும் என் அக்கா, "கட்டின பொண்டாட்டியை 'ஏ'ன்னு கூப்பிடறார், திருகாணிக்கெல்லாம் வெளிநாட்டுப் பேர்" என்று பொரிந்து தள்ளுவாள். ஆனால் சீட்டுக்கு உறை தைத்தவள் அவள்தான். தையல் நேராக வரவில்லையென்று மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். பிஸ்டனுக்கு வளையம் தண்ணீர் பம்பு ஒன்றிலிருந்து கிடைத்தது. கேஸ்கெட்டைக் கத்தரிக்கோலால் அவரே வெட்டினார், பதினோராவதுதான் பொருந்தியது.

இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் பூட்ட வேண்டியது இஞ்சினின் அலுமினியக் கூடு. எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் அடைந்து கன்னங்கரேலென்று இருந்தது. கியர் பெடலுக்கு ஓர் ஆணி தேடி மாமா நான்கு நாள் வெளியூர் போனார். போகும்போது கூட்டைப் பட்டறையில் என் கையில் கொடுத்தார்.

"மண்ணெண்ணெய்ல கழுவி மட்டும் வை மாப்ளே. வேற எதுவும் வேண்டாம்."

கழுவி மட்டும் வைக்க நான் என்ன பாத்திரம் தேய்க்கிறவனா? இருபத்திரண்டு வருஷமாகப் பாலீஷ் போடுகிறவனிடம் கழுவக் கொடுப்பதா? சுரீரென்று வந்தது. கூடவே ஆசையும் வந்தது, அதையும் மறைப்பானேன். ஆறு வருஷம் பாடுபட்ட மனிதர் திரும்பி வந்து பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்று நினைத்தேன். எமரிப் பட்டையில் மேல்தோலை எடுத்தேன், துணிச் சக்கரத்தில் பச்சை மசி போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். மேல் விளிம்பில் விரலகலத்துக்கு ஒரு மேடு, அதில் கரி அடைந்த கீறல்கள். எந்த மடையனோ உளியால் கொத்தி வைத்திருக்கிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டே வழித்தேன். மேடு பள்ளம் கண்டால் என் கை சும்மா இருக்காது. இருபது நிமிஷத்தில் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

மாமா வந்தார். துணியை விலக்கியதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கூட்டை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கட்டைவிரலை அந்த விளிம்பில் வைத்து ஒரு தடவை தடவினார். மறுபடியும் தடவினார்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே."

"எவனோ கொத்தி வச்சிருந்தான். எடுத்துட்டேன்."

"அது நம்பர் மாப்ளே. இஞ்சின் நம்பர்."

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. திட்டுவார், கூட்டைத் தூக்கி என் தலையில் போடுவார் என்று நின்றேன். போட்டிருக்கலாம். பாவி மனிதர் "பரவால்ல" என்று சொல்லிவிட்டு, அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வண்டி பூட்டினார், நாலாவது உதையில் ஓடியது. தப், தப், தப் என்று நிதானமாக, அவர் பேசுகிற மாதிரியே ஒரு சத்தம். ஒரு சின்ன லாரியில் ஏற்றி வண்டிப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். மாமாவும் அக்காவும் உள்ளே போனார்கள். "உன் வாய்க்கு நீ வெளியவே நில்லு" என்று அக்கா என்னை வாசலில் நிறுத்திவிட்டாள். வண்டியின் இரும்புச் சட்டத்தில் இருக்கிற நம்பர் மேலேயும் இஞ்சின் நம்பர் மேலேயும் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தப் பிரதி வண்டியின் பழைய பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். சட்டத்து நம்பர் அழகாக வந்ததாம். இஞ்சினில் குனிந்து டார்ச் அடித்த ஆய்வாளருக்கு அவருடைய முகம்தான் தெரிந்ததாம்.

வெளியே வந்த மாமா, "கொஞ்சம் நாளாகும் போலிருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கொஞ்ச நாள் எட்டு மாதமாயிற்று. வண்டி முன்னறையில் உறை போட்டு நின்றது. இதற்கிடையில் எலும்பு டாக்டர் முழங்காலைப் பார்த்துவிட்டு, இந்த வருஷக் கடைசியில் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அப்புறம் வண்டியை உதைக்கிற நினைப்பே கூடாது என்று சொல்லிவிட்டார். நாள் ஓடுகிறது, இவரோ சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாரா வாரம் அலுவலகம் போகிறார், வெறுங்கையோடு வருகிறார். ஒரு நாள் சாப்பிடும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"எட்டு மாசமா ஒரு கையெழுத்து வாங்கத் துப்பில்ல. மேஜையில ஓங்கி ஒரு தட்டு தட்டினா வேலை நடக்கும். இவர் போய்க் கை கட்டி நின்னா எவன் மதிப்பான்?"

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தத்தில் நான் துள்ளினேன்.

"வாயை மூடுடா! யாருக்காகடா அவர் அங்க கை கட்டி நிக்கறார்? நம்பரைத் தேய்ச்சது யாருன்னு மொத நாளே கேட்டாங்க. தெரியாது, வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னார். பொய்! கல்யாணமாகி முப்பது வருஷத்துல இந்த மனுஷன் வாயிலேர்ந்து நான் கேட்ட மொதப் பொய்!"

"ஏ, விடு" என்றார் மாமா.

"விடமாட்டேன். தேய்ச்சவன் வந்து எழுதிக் கொடுத்தா, அவங்களே புது நம்பர் அடிச்சுத் தருவாங்களாம். ஆனா தேய்ச்சவன் பட்டறைக்கு சீல் வச்சுக் கேஸ் போடுவாங்களாம். அதனால இவர் வாயைத் திறக்கல. திருட்டு இஞ்சினான்னு போலீஸ்ல ரெண்டு தடவை கூப்பிட்டு பெஞ்சுல உக்கார வச்சாங்கடா. அவரை!"

எனக்கு வந்த கோபத்துக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை, நேராக மாமா மேல் போயிற்று.

"என்னைக் காப்பாத்தச் சொல்லி உங்ககிட்ட நான் கேட்டேனா? திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு வந்து எனக்குச் சோறு போட்டீங்களா? நான் என்ன கைக்குழந்தையா?"

"கத்தாதே மாப்ளே. பக்கத்து வீட்டுல உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்க."

கை கழுவிய ஈரத்தோடு நேரே அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளர் மேஜைமுன் நின்று, தேய்த்தவன் நான், என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள் என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்பர்னு தெரியாமலா தேய்ச்சீங்க?"

"தெரிஞ்சா தேய்ப்பேனா? கழுவி மட்டும் வைன்னு சொன்னார், நான் கேக்கல. திமிர். அப்படியே எழுதிக்குங்க."

"நீங்கதான் எழுதணும்."

எழுதினேன். முதல் தாளைப் படித்துவிட்டு, "உங்க கோபத்தையெல்லாம் எழுதாதீங்க, நடந்ததை மட்டும் எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தாளில்தான் நடந்தது மட்டும் வந்தது. அது ஆறு வரிகூட இல்லை.

மறுவாரம் பட்டறைக் கதவில் அரக்கு முத்திரை வைத்தார்கள், மூன்று மாதத்துக்கு. வாரம் ஒரு தடவை போலீஸ் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த பெஞ்சில் உட்காரவில்லை, நின்றுகொண்டே போட்டேன்.

அலுவலகத்து ஆள் ஒருவர் சுத்தியலும் எண் அச்சும் கொண்டுவந்து புது நம்பரை அடித்தார். ஏழு எண்கள். ஒன்றும் நேராக இல்லை. நாலு மேலே ஏறியிருக்கிறது, எட்டு சாய்ந்து விழப்பார்க்கிறது, நடுவில் சுத்தியல் நழுவி ஒரு வடு வேறு. என் கண்ணாடிப் பாலீஷ் மேல் அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷனுக்கு இருபது நாள் இருக்கும்போது புத்தகம் கைக்கு வந்தது. அன்று காலை, சீல் வைத்த பட்டறை வாசலில் நான் நிற்க, மாமா வண்டியில் வந்தார். பின்னால் அக்கா, அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா! மெதுவான்னா கேக்க மாட்டீங்களா!" என்று திட்டிக்கொண்டே வந்தாள். வண்டி சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் வேகம். மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ரோட்டில் திரும்பி நேராகப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது, அதற்கும் கோபமாக வந்தது.

இருபது நாளும் தினமும் போனார்கள். ஆபரேஷன் முடிந்தது. இப்போது வண்டியை அக்கா உதைத்துக் கொடுக்கிறாள், இவர் ஓட்டுகிறார். டாக்டர் உதைக்கக்கூடாது என்றுதானே சொன்னார் என்று அக்கா என்னிடமே சட்டம் பேசுகிறாள்.

பட்டறை திறந்த பிறகு மாதம் ஒரு தடவை மாமா வண்டியைத் துடைக்கக் கொண்டுவருகிறார். வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து, அலுவலகத்துக் கதை, இத்தாலி வார்த்தை, அக்கா உதைக்கிற அழகு எல்லாம் பேசுகிறார். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு சொல், ஒரு பார்வை கிடையாது. ஆனால் நான் துணியை எடுத்துக்கொண்டு இஞ்சின் பக்கம் குனிந்தால், பேச்சை நிறுத்தாமலேயே மாமா கையை நீட்டி உள்ளங்கையால் அந்த நம்பரை மூடிக்கொள்கிறார். போன தடவை நேராக ரோட்டிலிருந்து வந்திருந்தார், இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

"சுடும் மாமா, கையை எடுங்க."

"பரவால்ல மாப்ளே" என்றார். நான் துடைத்து முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.