தலை உடைந்த ஏழு

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அட்டை’. முனைவர் பட்டம், பேராசிரியர் பதவி, வெளிநாட்டுப் பயணம் எல்லாமே அட்டைப்பெட்டித் தொழிலை ஆராய்ந்து வந்தவை. போதாக்குறைக்கு, பிடித்த விஷயத்தை விடவும் மாட்டார். ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிய குறும்புக்காரன் யாரென்று அவருக்குத் தெரியும். தேர்வில் அவனுக்கு நல்ல மதிப்பெண்ணே போட்டார்.

சோப்பானாலும் செருப்பானாலும் மருந்தானாலும் பெட்டிக்குள் ஏறித்தானே கடைக்குப் போக வேண்டும்? பெட்டிச் சந்தையைப் புரிந்துகொண்டால் மொத்த வியாபாரமும் புரிந்துவிடும் என்பது அவர் கட்சி. வீட்டுக்கு ஒரு கிலோ வெங்காயம் வாங்கி வரச் சொன்னால் அழுகியதாகப் பொறுக்கி வருவார், அது வேறு கதை.

முப்பது வயதில் அக்கா வீட்டு மாடி அறையில் தங்கித்தான் அந்த ஆராய்ச்சியைச் செய்தார். அக்கா மூன்று வேளையும் சோறு போட்டாள். அவள் கணவர், இவருக்கு அத்தான், பெட்டிக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். அந்த வட்டாரத்தில் பெட்டிக் கம்பெனிகள் ஏழு. எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், மாதம் எத்தனை பெட்டி, யாருக்கு என்ன விலை என்று கேட்டு ஏழுக்கும் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார். ஏழும் பதிலோடு திரும்பி வந்தன. அப்படியெல்லாம் வரவே வராது. மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முடிவு இதுதான்: ஏழு பேர் போட்டி போடுகிறார்கள், எவர் கையிலும் சந்தையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை, போட்டி ஆரோக்கியமாக இருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து, பெரிய முதலாளி ஒருவர் விலையை அடிமட்டத்துக்கு இறக்கித் தங்கள் கழுத்தை நெரிப்பதாகச் சின்ன முதலாளிகள் அரசிடம் புகார் கொடுத்திருந்தார்கள். விசாரணைக் குழு இவருடைய கட்டுரையைத் தூக்கி வைத்துக்கொண்டு, இங்கே ஒரு குறையும் இல்லை என்று கையைக் கழுவிவிட்டது. புகார் கொடுத்தவர்களின் கம்பெனிகளைப் பெரியவர் ஒவ்வொன்றாக வாங்கினார். நாலே வருடத்தில் எல்லாவற்றையும் மூடி, தொலைவில் ஒரே ஆலையாகக் கட்டிக்கொண்டு, ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார். அதில் அத்தானும் ஒருவர்.

நாற்பத்தைந்து வயது டைப்பிஸ்டை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அக்கா ஒரு பேக்கிங் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். தட்டையாக வரும் அட்டையை மடித்து, பெட்டியாக்கி, கயிறு கட்ட வேண்டும். இருபது வருடம் கட்டினாள். விரல்கள் பத்தும் வளைந்து, அப்படியே நின்றுவிட்டன. தம்பி அப்போது என்ன செய்தார் என்கிறீர்களா? ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில், இத்தகைய வேலையிழப்பு சந்தையின் செயல்திறனுக்குத் தரவேண்டிய தற்காலிக விலை என்று எழுதினார். கல்நெஞ்சக்காரர் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கையில் பேராசிரியர் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய கேள்வித்தாள்கள் ஒரு பெட்டியில் கிடந்தன. தூக்கிப் போடுமுன் ஏழையும் ஜன்னலோர மேசையில் பரப்பினார். ஒரு தாளில் 7 என்ற எண்ணின் மேல்கோடு பாதியில் உடைந்திருந்தது. அடுத்த தாளிலும் அதே உடைசல். நாலு தாள், நாலு கம்பெனிப் பெயர், ஒரே தட்டச்சு இயந்திரம்.

முப்பது வருடம் அந்தத் தாள்களின் கணக்கைப் பார்த்தாரே தவிர, தாளைப் பார்த்ததில்லை. நாலையும் ஓர் ஆளாகச் சேர்த்துக் கூட்டினார். மூன்றில் இரண்டு பங்குச் சந்தை ஒரே கையில் இருந்திருக்கிறது.

திருத்தம் எழுதி எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டுரை வெளிவந்த ஆய்விதழுக்கு ஓடினார். இப்போதைய ஆசிரியை அவருடைய பழைய மாணவி.

“சார், அந்த மார்க்கெட்டே இப்ப இல்ல. இனிமே திருத்தி யாருக்கு என்ன ஆகப்போகுது?”

“தப்பு தப்புதானேம்மா.”

“தப்புதான் சார். ஆனா அத நம்பி எத்தன பேர் மேல மேல ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். என்னோட பட்டமே அதுமேலதான் நிக்குது.” திருத்தத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். “நிம்மதியா ரிடையர் ஆகுங்க சார்.”

அச்சில் சொல்ல வழியில்லை. அக்காவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். பஸ் முழுக்க ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனார்: அக்கா, உன் கை இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த அத்தானிடம் முதலில் தாள்களை நீட்டினார். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நம்ம மிஷின்! கீழ விழுந்து இந்த ஏழு மட்டும் உடைஞ்சு போச்சு. நாலும் நான் அடிச்சதுதான் மாப்ள.”

“நாலுமா?”

“முதலாளி நாலு பேர்ல கம்பெனி வச்சிருந்தாரே. டெண்டர்ல நாலு விலை காட்டணும்ல. அந்தத் தெருவுல டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல அத்தான்? தினமும் உங்க பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டேன்!”

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லத்தான் ஒருநாள் மாடிக்கு வந்தேன். ‘வேலையா இருக்கேன் அத்தான், அப்புறம் சொல்லுங்க’ன்னே. சரி, படிச்சவன், உனக்குத் தெரியாமயா இருக்கும்னு இறங்கிட்டேன். அப்புறம் நீ கேக்கவே இல்லையே.”

அவர் தாள்களைத் திரும்ப வாங்கி மடித்தார். ஒரு படிப்பு, ஒரு பதவி, ஒரு வாழ்க்கை முழுதும் வீணாய்ப் போனதுபோல் இருந்தது. வீணாய்ப் போயிருந்தால்கூடப் பரவாயில்லையே என்றும் தோன்றியது.

அக்கா டீயோடு வந்தாள். கடைசிப் பேச்சு மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

“இவருக்கு எப்பவும் நேரங்காலமே தெரியாது. அவ்வளவு பெரிய ஆராய்ச்சில இருக்கறப்ப மாடியேறி வந்து நின்னா, தம்பி என்ன பண்ணுவான்? உம்மேல ஒரு தப்பும் இல்லடா.”

வளைந்து நின்றுவிட்ட விரல்களைத் தவிர்த்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் டம்ளரை அழுத்திப் பிடித்து நீட்டினாள். அவர் வாய் திறந்தார்.

“சீக்கிரம் வாங்குப்பா, சூடு. என்னால ரொம்ப நேரம் பிடிக்க முடியாது.”

வாங்கிக்கொண்டார்.

“ஆமாக்கா,” என்றார். “அப்ப வேலையாத்தான் இருந்தேன்.”