யாருமற்றவன்

சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி என்று, உடன் வேலை பார்க்கும் டீச்சர்களோடு போனேன். சுவரில் என் அண்ணன் இருந்தான். எங்கள் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம், இடுப்பில் துணியில்லாமல், வாயில் எச்சில் வழியக் கிடந்தான். கீழே ‘யாருமற்றவன்’ என்று எழுதியிருந்தது.

அவனுக்கு மனநோய். கட்டிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கே போனாலும் அம்மா தேடிப்பிடித்துக் கூட்டிவந்து, குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவாள். அவன் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது.

படமெடுத்தவர் ஓரமாக நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். தாடியில் சட்னி. நான் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டிப் படமெடுத்தேன்.

“என்னம்மா, கேக்காம எடுக்கறீங்க?”

“அவன்கிட்ட கேட்டீங்களா? அவன் என் கூடப் பொறந்தவன்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “தெரியாதும்மா... அத அழிச்சிடுங்க, ப்ளீஸ்.”

“மாட்டேன். எல்லா குரூப்லயும் போடப் போறேன். கீழ என்னா எழுதலாம், நீங்களே சொல்லுங்க.”

எல்லோரும் பார்க்க அவர் கைகூப்பினார். அவர் கெஞ்சக் கெஞ்ச எனக்கு நன்றாக இருந்தது. அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை. அவரே ஸ்டூலில் ஏறி அண்ணன் படத்தை இறக்கி, என்னிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்.

பஸ்ஸில் யாரும் பார்க்காதபடி அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். வண்டி கடலூர் வந்து சேர்வதற்குள், சட்னி ஒழுகும் அவர் முகத்தை எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டேன்.