சீட்டைத் தின்றவள்

உங்கள் எதிர்காலத்தை யாராவது மென்று விழுங்கியிருக்கிறார்களா? என்னுடையதை ஒரு இரண்டு வயதுக் குழந்தை விழுங்கியது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஏழாம் போர்ம், அதாவது பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம், ஐந்து பாடம் எடுக்கவேண்டும். அந்த வருடத்துக்குரிய கல்குலஸை நான் ஆறாம் போர்மிலேயே முடித்துவிட்டேன். பெருமை அடிக்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், புள்ளிவிபரவியல் நான்கும் முடிவாகிவிட்டன. கல்குலஸ் இருந்த இடம் காலி. உனக்குப் பிடித்ததை எடு, திங்கட்கிழமை வந்து சொல் என்றார் பொறுப்பாசிரியர். பிடித்ததை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பாடம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

எனக்குப் பிடித்தது பொட்டரி, மண்பாண்டம் வனைவது. சிரிக்காதீர்கள். கல்குலஸில் ஒரு வளைகோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றி, வருகிற உருவத்தின் கனவளவைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதை வருடம் முழுக்கத் தாளில் போட்டுத் தள்ளியவள், ஒருநாள் ஆர்ட் அறை ஜன்னலுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே ஒருத்தி சுழலும் சக்கரத்தில் களிமண்ணை வைத்து, விரலால் ஓரத்தை மெல்ல அமுக்கினாள். வளைகோடு சுழன்றது. கனவளவு எழும்பி வந்தது. என் கணக்கு ஈரமாக, பழுப்பு நிறத்தில், அவளுடைய முழங்கை வரை அப்பிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷப் புளுகத்தில் மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன்.

"சட்டி பானை செய்யவே பிளேன் ஏறி இஞ்ச வந்தனாங்கள்?" என்றார் அம்மா. "பயோலொஜி எடு. டொக்டருக்குப் படிக்க அதுதான் உதவும்."

"எக்கவுண்டிங் எடுக்கட்டுமன்," என்றார் அப்பா, கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டிலை ஒருத்தருக்காவது மோட்கேஜ் கடன் விளங்கட்டும்."

மூன்று பேர், மூன்று பாடம். இப்படி இழுபட்டால் அம்மா திருவுளச்சீட்டுப் போடுவார். சீட்டுகளைக் கிண்ணத்தில் குலுக்கி, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுப்பது. எது வருகிறதோ அது கடவுள் சொன்னது. வீடு வாங்கும்போதும் நகரத்தின் ஒரு மூலையில் இருக்கிற பாபகூராவா, மறு மூலையில் இருக்கிற பிளாக்ஹவுஸ் பேயா என்று சீட்டுத்தான் போட்டார். அப்பாவுக்கு வேலை பாபகூராவில். சீட்டு விழுந்தது பிளாக்ஹவுஸ் பேக்கு. கடவுள் மோட்டர்வேயில் போறதில்லை என்று அப்பா இன்றுவரை சொல்கிறார்.

ஞாயிறு பின்னேரம் அம்மா தனியாகக் குசினிக்குள் போய் மூன்று சீட்டு எழுதி, மடித்து, எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்தார். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு அக்கா இட்லித் தட்டைத் திருப்பித் தர வந்தார். கோயம்புத்தூர்க்காரர். இடுப்பில் மகள்.

"நல்லதாப் போச்சு. குழந்தைப்பிள்ளையின்ரை கையாலை எடுப்பம். அதுதான் சுத்தமான கை," என்றார் அம்மா.

"இவ கையா? இப்பதான் அவங்கப்பா ஷூவைத் தொடச்சிட்டு வந்தா ஆன்ட்டி."

அம்மா கண்ணை மூடி ஜெபித்தார். நானும் மூடிக்கொண்டு களிமண்ணை நினைத்தேன். கிண்ணம் நீண்டது. குழந்தை ஒரு சீட்டை எடுத்தது. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. வாயில் போட்டது.

"துப்புடி. துப்பு தங்கம்." அக்கா விரலை விட்டுத் துழாவினார். எச்சில்தான் வந்தது.

அப்பா சிரித்துச் சிரித்துச் சோபாவில் சரிந்துவிட்டார். "ஆண்டவரின்ரை சித்தம் செமிச்சிட்டுது."

"திரும்ப எழுதுவம்," என்றார் அம்மா.

"ஏன் எழுதவேணும்?" என்றேன். "மூண்டு சீட்டிலை ரெண்டு மிச்சம் இருக்கு. அதைப் பிரிச்சுப் பாத்தா, எது இல்லையோ அதுதான் இவள் எடுத்தது."

அம்மாவின் கை கிண்ணத்தை மூடியது. "அது முறையில்லை."

"ஆமா ஆன்ட்டி, அவ சொல்றது சரிதானே," என்றார் அக்கா. "கணக்குல புலின்னா சும்மாவா."

அப்பா கிண்ணத்தை இழுத்துப் பிரித்தார். ஒன்றில் பயோலொஜி. மற்றதில் எக்கவுண்டிங்.

என் கால் தரையில் பாவவில்லை. குழந்தையைத் தூக்கி அந்தப் புனிதமான வயிற்றில் முத்தம் கொடுத்தேன். அது என் கன்னத்தில் அறைந்தது. அம்மா மட்டும் இரண்டு சீட்டையும் பொறுக்கி எடுத்து, "ஓம். அப்ப அதுதான்," என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போய்விட்டார். அம்மா வாதாடாமல் தோற்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கணக்குக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் பாதியில் என் முதல் பானை சூளையிலிருந்து வந்தது. ஒரு பக்கம் சரிந்தது. எந்தச் சமன்பாட்டுக்கும் அடங்காது. அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோடு காரில் வந்தேன். சாமான் வாங்க சான்ட்ரிங்ஹாம் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு அம்மா இறங்காமல் இருந்தார்.

"பிள்ளை, அண்டைக்கு நான் பொட்டரி எண்டு எழுதவேயில்லை."

"அப்ப மூண்டாவது சீட்டு?"

"ரெண்டிலை பயோலொஜி. ஒண்டிலை எக்கவுண்டிங்."

"கடவுளுக்கே கள்ள ஓட்டு. அம்மா, நீங்கள் பெரிய ஆள்தான்."

"சத்தம் போடாதை, சனம் பாக்குது."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். குழந்தை பயோலொஜிச் சீட்டைத் தின்றதால் பொட்டரி வந்தது. எக்கவுண்டிங்கைத் தின்றிருந்தால் கிண்ணத்தில் இரண்டு பயோலொஜி மிஞ்சி, அம்மா கையும் களவுமாகப் பிடிபட்டிருப்பார். அப்பவும் வெற்றி எனக்குத்தான். எதைத் தின்றிருந்தாலும் பொட்டரி. அதைச் சொன்னேன்.

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றார் அம்மா, பானையை எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி. "நான் உன்ரையைப் போடாமலே விட்டும் ஆண்டவர் விடேல்லை. அந்தப் பிள்ளைக்குப் பசியைக் குடுத்துச் செய்விச்சிட்டார். இனி நான் என்னத்தைக் கதைக்கிறது?"

இப்போது நான் யூனிவர்சிட்டியில் கணிதம் இரண்டாம் வருடம். கீபோர்டில் களிமண் ஒட்டியிருக்கிறது.